கர்ப்பப்பையை எடுக்கிறதா வெச்சுக்கிறதா: ஃபைப்ராய்டு இருக்கிறவங்களுக்கு என்னென்ன வழி இருக்கு

நாப்பது அம்பது வயசு பொம்பளைங்க நாலு பேர் சேர்ந்து உக்காந்தா, அது சிங்கப்பூர் தேக்கா கோப்பிக்கடையா இருந்தாலும் சரி கோயில் சமையக்கட்டா இருந்தாலும் சரி, ஒருத்தராவது "எனக்கு எடுத்தாச்சு"ன்னு சொல்லுவாங்க. எதைன்னு யாரும் கேக்க மாட்டாங்க, எல்லாருக்கும் தெரியும். ஏன் எடுத்தீங்கன்னு கேட்டா "டாக்டர் எடுக்க சொன்னாரு"ன்னு வரும். எடுக்காம இருக்க வேற வழி ஏதாச்சும் சொன்னாங்களான்னு கேட்டா நெறைய பேர் யோசிக்கிறாங்க, அப்புறம் "இல்லையே"ன்னு சொல்றாங்க. இந்த "இல்லையே"தான் என்னைய இவ்வளவு தேட வெச்சுச்சு.

எங்க அக்காவுக்கு 46 வயசு, ப்ரீஸ்கூல்ல வேலை, நாள் பூரா நின்னுக்கிட்டு புள்ளைங்கள தூக்கிக்கிட்டு இருக்கணும். பீரியட்ஸ் வந்தா மொத மூணு நாள் ராத்திரி தூக்கமே இல்ல, பேட் மேல பேட் வெச்சும் பெட்ஷீட் நனையும், படி ஏறினா மூச்சு வாங்கும், ஹீமோகுளோபின் பாத்தா 8 (பொம்பளைங்களுக்கு 12-க்கு கீழ போனாலே ரத்தசோகைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது). ஸ்கேன்ல கர்ப்பப்பைல 6 சென்டிமீட்டர்ல ஒரு ஃபைப்ராய்டு, அதாவது கேன்சர் இல்லாத தசைக்கட்டி. மொதல்ல போன ஒரு பிரைவேட் கிளினிக்ல டாக்டர் ரெண்டு கேள்விதான் கேட்டாராம், எத்தனை பிள்ளைங்க, இனிமே பெத்துக்கிற எண்ணம் இருக்கான்னு. இல்லைன்னதும் "அப்ப எடுத்துடலாம், எதுக்கு வெச்சுக்கிட்டு கஷ்டப்படணும்"ன்னு தேதி பாக்க ஆரம்பிச்சுட்டாரு. அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமா வேற ஒரு இடத்துல "இந்த வயசுல எல்லாருக்கும் இருக்கிறதுதான்"ன்னு வெறும் இரும்புச்சத்து மாத்திரையோட அனுப்பி வெச்சுக்கிட்டு இருந்தாங்க.

இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒண்ணு ஒண்ணுமே செய்யல, இன்னொண்ணு உடனே எடுக்கலாம்ங்குது. பாக்க நேரெதிர் மாதிரி இருக்கு, ஆனா ரெண்டு இடத்துலயும் அக்காவோட வாழ்க்கை எப்படி இருக்கு, அவங்களுக்கு எது பயம், எது வேணும்னு யாரும் கேக்கல. பெண்ணியவாதிங்க மருத்துவத்தப் பத்தி பேசுறது இதைத்தான்னு நான் புரிஞ்சுக்கிறேன். நெறைய பேரு நினைக்கிற மாதிரி அது "ஆபரேஷன் வேணாம், இயற்கையா விடு"ங்கிற கட்சி கிடையாது. வலியை நம்பாம வீட்டுக்கு அனுப்புறதும் தப்பு, கேக்காம அறுக்கிறதும் தப்பு, ரெண்டும் ஒரே எடத்துல இருந்து வர்ற தப்பு.

இதுக்குப் பின்னாடி பெரிய சரித்திரமே இருக்கு. மாடர்ன் கைனகாலஜியோட தந்தைன்னு அமெரிக்காவுல கொண்டாடின ஜே. மரியன் சிம்ஸ், 1840-கள்ல அலபாமாவுல அடிமையா இருந்த கறுப்பினப் பெண்கள் மேல மயக்க மருந்து இல்லாம திரும்பத் திரும்ப ஆபரேஷன் பண்ணித்தான் தன்னோட முறையைக் கண்டுபிடிச்சாரு. அனார்க்கா, பெட்ஸி, லூசின்னு மூணு பேர் பேரு மட்டும் நமக்குத் தெரியும், அனார்க்காவுக்கு மட்டும் 30 தடவை கிட்ட. நியூயார்க் சென்ட்ரல் பார்க் ஓரமா இருந்த அவரோட சிலையை 2018-லதான் எடுத்தாங்க. அவ்வளவு தூரம் போவானேன், 2019-ல மஹாராஷ்டிரா பீட் மாவட்டத்துல கரும்பு வெட்டப் போற பெண்கள் நெறைய பேருக்கு இளவயசுலயே கர்ப்பப்பையை எடுத்திருக்காங்கன்னு செய்தி வந்து நாடே அதிர்ந்துச்சு, பீரியட்ஸ்னால ஒரு நாள் லீவு போட்டாலும் கங்காணிக்கு அபராதம் கட்டணும்ங்கிற நெலமைல அந்தப் பொம்பளைங்களே "எடுத்துடுங்க"ன்னு சொல்லியிருக்காங்க. அவங்க கையெழுத்துப் போட்டாங்கதான். ஆனா அதை அவங்க தேர்ந்தெடுத்தாங்கன்னு சொல்ல மனசு வருமா? கனடாவைச் சேர்ந்த சூசன் ஷெர்வின் மாதிரி தத்துவவாதிங்க இதைத்தான் எழுதினாங்க, ஒருத்தியோட முடிவு அவ தலைக்குள்ள மட்டும் நடக்கிறது இல்ல, அவளச் சுத்தி இருக்கிற உறவு, காசு, வேலை எல்லாம் சேர்ந்துதான் அவளுக்கு எத்தனை கதவு தொறந்திருக்குன்னு முடிவு பண்ணுதுன்னு.

சரி, கதவுகளப் பாப்போம். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், 45 தாண்டினவங்களுக்கு ரத்தப்போக்கு மாறினா மொதல்ல கர்ப்பப்பை உள்சுவர்ல இருந்து சாம்பிள் எடுத்து டெஸ்ட் பண்ணணும், கேன்சரோ கேன்சரா மாறக்கூடிய செல்லோ இருந்தா இந்த ஒப்பீடே வேற மாதிரி ஆயிடும். மென்சஸ் நின்னு ஒரு வருஷம் கழிச்சு ஒரு சொட்டு வந்தாலும் உடனே போய்க் காட்டணும். அக்காவுக்கு அந்த டெஸ்ட்ல ஒண்ணும் இல்ல.

மொத வழி, காத்திருக்கிறது. ஃபைப்ராய்டு ஈஸ்ட்ரோஜனை நம்பி வளர்ற கட்டி, மெனோபாஸ் வந்தா பெரும்பாலும் சுருங்கிடும். இங்க பெண்களுக்கு சராசரியா 49, 50 வயசு வாக்குல நிக்குது. அதனால 49 வயசுக்காரங்களுக்கும் 41 வயசுக்காரங்களுக்கும் ஒரே பதில் சொல்றது எப்படி நியாயம்? 49-ல இருக்கிறவங்க ட்ரானெக்சாமிக் ஆசிட் மாத்திரைய ரத்தம் போற நாள்ல மட்டும் போட்டு, இரும்புச்சத்து மாத்திரையோ இல்ல ஊசியோ போட்டு ஹீமோகுளோபினை ஏத்திக்கிட்டு ஓட்டிடலாம். இந்த மாத்திரை ரத்தப்போக்கை ஏறக்குறைய பாதி வரைக்கும் கொறைக்கும், ஆனா கட்டியை ஒண்ணும் பண்ணாது, ரத்தம் உறையிற பிரச்சனை முன்னாடி வந்தவங்களுக்கு குடுக்க மாட்டாங்க. இதைக் கண்டுபிடிச்சது ஜப்பான்ல உத்தாக்கோ ஒக்கமோட்டோன்னு ஒரு பெண் விஞ்ஞானி, அவங்க வீட்டுக்காரரோட சேர்ந்து, 1962-ல. பிரசவத்துல ரத்தம் போய் சாகிற பொம்பளைங்களக் காப்பாத்தணும்னுதான் ஆராய்ச்சியே தொடங்கினாங்க, புள்ளையைப் பாத்துக்க ஆள் இல்லாம முதுகுல கட்டிக்கிட்டு லேப்ல வேலை பாத்தாங்களாம். அந்த பிரசவ ஆராய்ச்சி பெரிய அளவுல நடந்து முடிவு வெளிவந்தது 2017-ல. 55 வருஷம். பெண்ணோட ரத்தத்துக்கு உலகம் குடுத்த அவசரம் அவ்வளவுதான்.

ரெண்டாவது மிரீனா. கர்ப்பப்பைக்குள்ள வெக்கிற சின்ன சாதனம், உள்ள 52 மில்லிகிராம் ஹார்மோன் இருக்கும், கொஞ்சம் கொஞ்சமா விடும். அதிக ரத்தப்போக்குக்கு பிரிட்டன்ல மொதல் சிகிச்சையா இதைத்தான் சொல்றாங்க, ஆனா ஒரு நிபந்தனையோட, கட்டி 3 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும், கர்ப்பப்பையோட உள் அறை கோணலாகியிருக்கக் கூடாது. 2013-ல வந்த ஒரு பெரிய பிரிட்டிஷ் ஆய்வுல 571 பெண்களைப் பாத்தாங்க, மாத்திரை சாப்பிட்டவங்களவிட மிரீனா வெச்சவங்களோட அன்றாட வாழ்க்கை ரெண்டு வருஷத்துல நல்லா இருந்துச்சு. மொத மூணு ஆறு மாசம் சொட்டு சொட்டா வந்துக்கிட்டே இருக்கும், அதை யாரும் முன்னாடியே சொல்லலைன்னா பயந்து எடுத்துடுவாங்க. வெக்கிறப்ப வலிக்கும், சிலருக்கு ரொம்ப வலிக்கும். "சின்னதா கிள்ளுற மாதிரி இருக்கும்"ன்னு சொல்லியே பல வருஷம் ஓட்டினாங்க, 2024-லதான் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் வலியைப் பத்தி முன்கூட்டியே பேசணும், மரத்துப்போற மருந்து பத்தி சொல்லணும்னு வழிகாட்டுதல்லயே எழுதினாங்க. இங்கயும் கேளுங்க, கேக்கிறதுல வெக்கமே வேணாம். என்னைக் கேட்டா கட்டி சின்னதா இருக்கிறவங்க இதைத்தான் மொதல்ல முயற்சி பண்ணணும், பிடிக்கலைன்னா எடுத்துடலாம், எடுத்த கர்ப்பப்பையைத் திரும்ப வைக்க முடியாது. அக்காவுக்கு உள் அறைய கட்டி அழுத்திக்கிட்டு இருந்ததால வெச்சாலும் நழுவி வெளிய வர வாய்ப்பு அதிகம்னு சொல்லிட்டாங்க.

கட்டியை சுருக்க மாசாமாசம் போடுற ஹார்மோன் ஊசி இருக்கு, அது தற்காலிகமான மெனோபாஸ் மாதிரி, உடம்பு தகிக்கும், எலும்பு தேயும், ரொம்ப நாள் போட முடியாது. ஆபரேஷனுக்கு முன்னாடி ரத்தம் ஏத்திக்க நேரம் வாங்கிக் குடுக்கும், அதுக்கு சரி.

மூணாவது, கட்டியை மட்டும் எடுக்கிறது. பிள்ளை வேணும்னு இருக்கிறவங்களுக்கு இதுதான் பெரும்பாலும் சொல்லுவாங்க. ஆனா பிள்ளை வேணாம்னு முடிவு பண்ணினவங்களும் கேக்கலாம், கர்ப்பப்பையை வெச்சுக்கிறதுக்கு குழந்தை மட்டுமே காரணமா இருக்கணும்னு ஒண்ணும் சட்டம் இல்லையே. கட்டி உள் அறைக்குள்ளயே தொங்குற வகையா இருந்தா வயித்துல வெட்டே இல்லாம கீழ் வழியா எடுத்துடலாம், அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம், உங்க கட்டி அந்த வகையான்னு கண்டிப்பா கேளுங்க. சுவருக்குள்ள இருந்தா பெரிய ஆபரேஷன்தான், ரத்தம் போகும், வேற கட்டி திரும்ப வளரலாம்.

நாலாவது வழிதான் எனக்கு ரொம்ப ஆத்திரம் வர வெச்சது, ஏன்னா எங்ககிட்ட யாருமே சொல்லல. கட்டிக்கு ரத்தம் போற குழாயை அடைக்கிறது, எம்பொலைசேஷன்னு பேரு. இடுப்பு மடிப்பு வழியாவோ மணிக்கட்டு வழியாவோ மெல்லிசா ஒரு ட்யூபை உள்ள விட்டு, சின்னச்சின்ன துகள் விட்டு அடைப்பாங்க, கட்டி பட்டினி கெடந்து சில மாசத்துல பாதி அளவுக்கு சுருங்கும். 1995-ல பிரான்ஸ்ல ரவினா குழு எழுதினதுல இருந்து உலகம் பூரா நடக்குது, இங்க அரசாங்க ஆஸ்பத்திரிலயும் செய்றாங்க. ஆனா இதைச் செய்றது கைனி டாக்டர் இல்ல, ரேடியாலஜி டாக்டர். ஒரு டிபார்ட்மெண்ட்ல போய் உக்காந்தா அந்த டிபார்ட்மெண்ட் கையில இருக்கிறதுதான் மொதல்ல வாயில வரும், அதுக்கு யாரையும் கெட்டவங்கன்னு சொல்ல வேணாம், ஆனா நாமதான் "எம்பொலைசேஷன் எனக்கு சரிப்படுமா, அதுக்கு ரெஃபர் பண்ணுவீங்களா"ன்னு வாய்விட்டுக் கேக்கணும். மொத ராத்திரி வலி கடுமையா இருக்கும், ஒரு வாரம் ரெண்டு வாரத்துல வேலைக்குப் போயிடலாம். நெதர்லாந்துல இதையும் கர்ப்பப்பை எடுக்கிறதையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 10 வருஷம் பின்தொடர்ந்து பாத்தாங்க, அடைச்சுக்கிட்டவங்கள்ல மூணுல ரெண்டு பேருக்கு கடைசி வரைக்கும் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வரல. மூணுல ஒருத்தருக்கு வந்துச்சு. 2020-ல வந்த பிரிட்டிஷ் ஆய்வுல 254 பெண்கள், கட்டியை மட்டும் எடுத்தவங்களுக்கு அடைச்சவங்களவிட கொஞ்சம் கூடுதல் நிம்மதி கெடச்சுது, ரெண்டு கூட்டமுமே முன்னைக்கு நல்லாத்தான் இருந்தாங்க. 45-க்கு மேல இதைச் செஞ்சா மெனோபாஸ் சீக்கிரம் வந்துடற வாய்ப்பு கொஞ்சம் இருக்கு, இனிமே பிள்ளை வேணும்னு நினைக்கிறவங்களுக்கு பொதுவா இதைப் பரிந்துரைக்கிறது இல்ல.

அஞ்சாவது, எடுத்துடறது. இதுல நான் கட்சி சேர்ந்து பேச மாட்டேன். ரத்தப்போக்குக்கு நூத்துக்கு நூறு முடிவு தர்றது இது ஒண்ணுதான், கட்டி திரும்ப வராது. எடுத்தவங்க பல பேரு "பத்து வருஷம் முன்னாடியே பண்ணியிருக்கணும்"ன்னு சொல்றாங்க, அவங்க பேச்சையும் நம்பணும்தானே. கர்ப்பப்பை போனா பொம்பளைத்தனமே போச்சுன்னு பயமுறுத்துறதும் ஒரு வகை அடக்குமுறைதான். ஆனா உள்ள போய்ப் பாத்தா இது ஒரு முடிவு இல்ல, நாலஞ்சு முடிவு. வயித்தை வெட்டியா, சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டுப் பண்ற லேப்ராஸ்கோப்பா, கீழ் வழியா? வெட்டினா ஆறு வாரம் வரை பாரம் தூக்கக் கூடாது, லேப்ராஸ்கோப்னா அதைவிட சீக்கிரம் எழுந்துக்கலாம். கர்ப்பப்பை வாயை விட்டு வெக்கிறாங்களா? வெச்சா கர்ப்பப்பை வாய் கேன்சருக்காகப் பண்ற ஹெச்பிவி டெஸ்டை தொடர்ந்து பண்ணணும். எல்லாத்தவிட முக்கியம் ஓவரி. "எப்படியும் உள்ள போறோம், அதையும் எடுத்துடலாம்"ன்னு சொன்னா நிறுத்தி ஏன்னு கேளுங்க. ரெண்டு ஓவரியும் போனா மறுநாளே மெனோபாஸ். அமெரிக்காவுல நர்ஸுங்கள வருஷக்கணக்கா பின்தொடர்ந்து செஞ்ச பெரிய ஆய்வு 2009-ல வந்துச்சு, ஓவரியையும் சேத்து எடுத்தவங்களுக்கு மாரடைப்பும் மரணமும் கூடுதலா இருந்துச்சு. குடும்பத்துல ஓவரி கேன்சரோ, அந்த கேன்சர் வாய்ப்பைக் கூட்டுற பிஆர்சிஏ மரபணு மாற்றமோ இருந்தா கணக்கு மாறும், அது வேற. அப்புறம் லேப்ராஸ்கோப்ல பெரிய கர்ப்பப்பையை வெளிய எடுக்க உள்ளயே துண்டு போடுவாங்க, அதுக்கு மெஷின் இருக்கு. ஏமி ரீட்னு அமெரிக்க மயக்க மருந்து டாக்டர், அவங்களுக்கே 2013-ல அந்த மெஷின்ல ஃபைப்ராய்டு ஆபரேஷன் பண்ணி, கட்டிக்குள்ள ஒளிஞ்சிருந்த கேன்சர் வயிறு பூரா பரவிடுச்சு. அவங்களும் வீட்டுக்காரரும் போராடினதுல 2014-ல அமெரிக்க அரசு எச்சரிக்கை விட்டாங்க, ஃபைப்ராய்டுன்னு ஆபரேஷன் பண்ற 350 பெண்கள்ல ஒருத்தருக்கு அப்படி மறைஞ்ச கேன்சர் இருக்கலாம்னு. ஏமி ரீட் 2017-ல இறந்துட்டாங்க. துண்டு போடுவீங்களா, போட்டா பைக்குள்ள வெச்சுப் போடுவீங்களான்னு கேக்கிற உரிமை இன்னைக்கு நமக்கு இருக்குன்னா அது அவங்க வாங்கிக் குடுத்தது.

கேக்கிறது வெறும் தைரியம் மட்டும் இல்ல, சிங்கப்பூர்ல அது சட்டத்தோடயும் சம்பந்தப்பட்டது. 2015-ல பிரிட்டன் உச்ச நீதிமன்றத்துல நடீன் மாண்ட்கோமரி வழக்கு. சர்க்கரை நோய் இருந்த, குள்ளமான கர்ப்பிணி, குழந்தையோட தோள் சிக்கிக்கிற ஆபத்து இருக்குன்னு டாக்டர் சொல்லல, சொன்னா எல்லாரும் சிசேரியன் கேப்பாங்கன்னு வேற காரணம் சொன்னாங்க. நடீன்தான் ஜெயிச்சாங்க, நோயாளிக்கு முக்கியமா படுற ஆபத்தை டாக்டர் சொல்லியாகணும்னு தீர்ப்பு. 2017-ல நம்ம மேல்முறையீட்டு நீதிமன்றமும் கிட்டத்தட்ட அந்த வழிய ஏத்துக்கிச்சு. அப்புறம் டாக்டருங்க பயந்து பயந்து எல்லாத்தையும் பேப்பர்ல கொட்ட ஆரம்பிப்பாங்கன்னு கவலை வந்து சட்டத்தை மாத்தி, 2022 ஜூலை 1-ல இருந்து சிவில் சட்டத்தோட 37-ஆம் பிரிவு நடப்புல இருக்கு. இப்ப டாக்டர் சொன்ன ஆலோசனை சரியான்னு மத்த டாக்டருங்க கருத்தை வெச்சுத்தான் பாப்பாங்க, ஆனா நோயாளி முடிவெடுக்க என்ன தெரியணுமோ அதை அவங்க கணக்குல எடுத்திருக்கணும், குறிப்பா நோயாளி வாய்விட்டுச் சொன்ன கவலையும் கேட்ட கேள்வியும் அதுல அடங்கும். மனசுக்குள்ள வெச்சுக்கிட்ட பயத்துக்கு அந்த பலம் இல்ல. அதனால "எனக்கு பாரம் தூக்கற வேலை", "எங்கம்மாவுக்கு எலும்பு தேய்மானம்", "எனக்கு தாம்பத்தியத்துல என்ன மாறும்னு தெரியணும்" இதையெல்லாம் சொல்லி, குறிப்புல எழுதச் சொல்லுங்க.

யாரு வாயால சொல்றோம்ங்கிறதும் முக்கியம். இங்க்லீஷ் அவ்வளவா வராத நம்ம அம்மா அத்தைங்க கூட யாரு போறாங்க? வீட்டுக்காரரோ மகனோ. டாக்டர் அஞ்சு நிமிஷம் பேசுவாரு, இவங்க "எடுக்கணுமாம், சரின்னு சொல்லிட்டேன்"ன்னு ஒரு வரில முடிப்பாங்க. மகன் எதிர்ல வறட்சி, வலி, படுக்கை பத்தி எந்த அம்மா கேப்பாங்க? தமிழ் தெரிஞ்ச நர்ஸ் இருக்காங்களான்னு கேளுங்க, இல்லைன்னா மகளையோ தோழியையோ கூட்டிட்டுப் போங்க. கையெழுத்து போட வேண்டியது உங்க கை மட்டும்தான், சுயநினைவோட இருக்கிற வயசு வந்த பொம்பளைக்கு புருஷன் சம்மதம் சட்டப்படி தேவை இல்ல. எங்க அத்தான் நல்ல மனுஷன், ஆனாலும் "நான் அக்கா கூட உள்ள போறேன், நீங்க வெளிய இருங்க"ன்னுதான் சொன்னேன், கோவப்படல.

காசு பத்தி பேசாம இருக்க முடியாது. அரசாங்க பாலிகிளினிக் வழியா ரெஃபரல் வாங்கிப் போனா சலுகைக் கட்டணம், ஆனா டாக்டரை நாம தேர்ந்தெடுக்க முடியாது, காத்திருக்கவும் வேணும். பிரைவேட்னா நேரமும் ஆளும் நம்ம இஷ்டம், பில்லு வேற கதை. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் ஒரு கோட் இருக்கு, அதை வாங்கிக்கிட்டு சுகாதார அமைச்சோட இணையப்பக்கத்துல போட்டா எவ்வளவு நியாயமான கட்டணம்னு பாக்கலாம், மெடிசேவ்ல, அதாவது சம்பளத்துல பிடிக்கிற மருத்துவச் சேமிப்புல, எவ்வளவு எடுக்கலாம்ங்கிறதும் அந்தக் கோடை வெச்சுத்தான். லீவு விஷயத்துல வேலைச் சட்டத்துக்குக் கீழ ஆறு மாசம் வேலை செஞ்சவங்களுக்கு ஆஸ்பத்திரி விடுப்பு வருஷத்துக்கு 60 நாள், சாதாரண எம்சி (மருத்துவ விடுப்பு) 14 நாளும் அதுக்குள்ளதான். ஆனா நம்ம வீட்டுல வேலை செய்ற தமிழ்நாட்டுப் பொண்ணுங்களுக்கு அந்தச் சட்டமே கிடையாது. அவங்களுக்கு கட்டி வந்தா, ஆறு வாரம் தூக்காத குனியாதன்னு டாக்டர் சொன்னா, முதலாளி என்ன நினைப்பாங்க, ஊருக்கு அனுப்பிடுவாங்களோன்னுதான் மொத யோசனை ஓடும். அஞ்சு வழி இருக்குன்னு நான் இங்க எழுதறது அவங்களுக்கு எந்த அளவுக்கு அஞ்சு வழி? அவங்களோட முதலாளியா இருக்கிற அக்காமாருங்க இதைப் படிச்சா, அவங்களோட போய் உக்காருங்க, அவங்களுக்காகப் பேசாதீங்க, அவங்க பேசறதுக்கு நேரம் வாங்கிக் குடுங்க.

அக்கா என்ன முடிவு பண்ணினாங்க? நான் அடைக்கிறதுதான் நல்லதுன்னு சொன்னேன், இன்னமும் அவங்க இடத்துல நான் இருந்தா அதைத்தான் செய்வேன், சீக்கிரம் வேலைக்குப் போகலாம், மெனோபாஸும் கிட்ட வந்தாச்சு. கேகே ஆஸ்பத்திரில ஒரு பெண் டாக்டர் பொறுமையா எல்லாத்தையும் படம் போட்டுச் சொன்னாங்க, ரேடியாலஜி டாக்டரையும் பாத்தோம். அக்கா எல்லாத்தையும் கேட்டுட்டு எடுத்துடறேன்னுட்டாங்க. மூணுல ஒருத்தியா நான் இருந்துட்டா திரும்ப ஒரு தடவை லீவு, திரும்ப ஒரு தடவை பயம், சின்னவன் இப்ப என்எஸ் (தேசிய சேவை) போகப்போறான் நான் இப்பவே முடிச்சுக்கிறேன்னாங்க. மொத டாக்டர் சொன்ன அதே ஆபரேஷன்தான், ஆனா இப்ப காரணம் அக்காவோடது, எப்படிப் பண்ணணும்ங்கிறதும் அக்கா சொன்னது: லேப்ராஸ்கோப், ஓவரி ரெண்டும் இருக்கணும், கருக்குழாய் ரெண்டையும் எடுத்துடலாம் (பின்னாடி ஓவரி கேன்சர் வர்ற வாய்ப்பைக் கொறைக்கும்னு டாக்டர் சொன்னாங்க), துண்டு போட வேண்டி வந்தா பைக்குள்ள வெச்சு மட்டும். இதை அத்தனையும் சம்மதப் படிவத்துல எழுத வெச்சு, படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டாங்க. ஹீமோகுளோபின் 10 தாண்டணும்னு இப்ப இரும்புச்சத்து ஊசி போயிக்கிட்டு இருக்கு, தாண்டினதும் தேதி குடுப்பாங்க.